எழுத்து முதலில், தாலி பிறகு: சுவிஸில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு கலியாணம்

சுவிஸில் வீடு மாறினால் 14 நாட்களுக்குள் புதிய ஊரின் நகரசபையில் பதியவேண்டும். அந்தப் படிவத்தில் பெயர், பிறந்த திகதி, குடும்பநிலை எல்லாம் கேட்டு முடித்தபின் 'சமயம்' என்று ஒரு வரி வரும். ரோமன் கத்தோலிக்கம், சீர்திருத்தத் திருச்சபை என்று கட்டங்கள் இருக்கும். கடைசியில் பெரும்பாலும் 'வேறு அல்லது இல்லை' என்று ஒரே கட்டம். ஆண்டுதோறும் கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் பிடிக்கிற பிள்ளையும் கடவுளே இல்லை என்கிற பிள்ளையும் அதே கட்டத்தில்தான் புள்ளடி போடுகிறார்கள்.

அந்தக் கட்டம் நம்பிக்கையைக் கேட்கவில்லை, வரியைக் கேட்கிறது. கத்தோலிக்கம் அல்லது சீர்திருத்தம் என்று போட்டால் பெரும்பாலான மாநிலங்களில் திருச்சபை வரி வரும். மன்னாரிலிருந்தும் பாசையூரிலிருந்தும் வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் முதல் வரிச்சீட்டைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான். வெளியேற விரும்பினால் எழுத்தில் கடிதம் கொடுக்கவேண்டும். கணவன் மனைவியில் ஒருவர் மட்டும் திருச்சபை உறுப்பினர் என்றால் பல மாநிலங்களில் பாதி வரி. ஆக, வேறு இனத்திலோ வேறு சமயத்திலோ கலப்புக் கலியாணம் செய்யப்போகிறவர்கள் இந்த வரியைப் பற்றி முதல் மாதமே கதைத்துவிடவேண்டும். இல்லாவிட்டால் "உன் கோயிலுக்கு என் காசா" என்ற கதை ஒருநாள் சமையலறையில் வரும்.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பின் வந்து உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவத் தொடங்கியவர்களின் பிள்ளைகள் இப்போது முப்பதுகளில் இருக்கிறார்கள். ஏறக்குறைய 50,000 தமிழர் வாழும் நாட்டில், டொச் (ஜெர்மன்) மொழியில் கனவு காண்கிற பிள்ளை பக்கத்து வகுப்புப் பிள்ளையை விரும்புவதில் அதிசயம் ஒன்றுமில்லை. இதில் ஒன்றைத் திறந்தே சொல்லவேண்டும். "ஆர் ஆக்கள்?" என்று கேட்டுச் சாதி விசாரிக்கிற அதே வீடு, வேறு சாதித் தமிழ்ப் பெடியனைவிட வெள்ளைக்காரப் பெடியனை எளிதில் ஏற்றுக்கொள்வதுண்டு. வெள்ளைக்காரனுக்குச் சாதி இல்லை, ஊரில் கேட்டால் "டொக்டர்" என்றோ "பாங்கில் வேலை" என்றோ சொல்லிவிடலாம். அதைப் பரந்த மனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வாசலில்

முதல் வருகையில் கெடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்கள். சுவிஸ் வழக்கப்படி நெருங்கியவர்களைச் சந்தித்தால் கன்னத்தோடு கன்னம் மூன்று முறை. வருகிற பெடியன் மரியாதை என்று நினைத்து அம்மாவை நோக்கிக் குனிவான். அம்மா பின்னால் ஓரடி வைப்பார். அந்த ஓரடி அவன் மனதில் வருடக்கணக்கில் கிடக்கும். முதல்நாளே அவனிடம் சொல்லிவிடுங்கள்: கைகூப்பு, சப்பாத்தைக் கழற்று, அவ்வளவுதான். வைன் போத்தல் வேண்டாம். சொக்கலேட் கொண்டுவரலாம், ஆனால் உள்ளே கிர்ஷ் சாராயம் ஊற்றிய வகை உண்டு, பெட்டியின் பின்புறத்தை வாசித்து வாங்கவேண்டும். வெள்ளிக்கிழமை அழைக்காதீர்கள், வீடு மரக்கறியாக இருந்தால் அவன் தனக்கு இறைச்சி தர மனமில்லை என்று நினைப்பான். மரக்கறிக்காரர் அவன் வீட்டுக்குப் போகும்போது 'பாலாடைக்கட்டிதானே' என்று பொண்டூவை (உருக்கிய பாலாடைக்கட்டிச் சாப்பாடு) நம்பவும் முடியாது. அதில் வெள்ளை வைனும் கிர்ஷும் சேரும். மரபான குருயேர் பாலாடைக்கட்டியை உறையவைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள்.

தமிழ் வீட்டில் முதல் மறுப்பு மறுப்பல்ல, மூன்றாவது 'வேண்டாம்'தான் உண்மையானது. சுவிஸ் வீட்டில் முதல் 'நன்றி, வேண்டாம்' சொன்னதும் கறிச்சட்டி அடுத்தவரிடம் போய்விடும். மரியாதைக்கு மறுத்த தமிழ் மருமகள் பசியோடு வீடு திரும்புவாள். எதிர்ப்பக்கத்தில், "போதும்" என்று நேர்மையாகச் சொன்ன பெடியனின் தட்டில் நாலாவது முறையும் சோறு விழும். கோப்பைக்கு மேலே உள்ளங்கையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு "போதும் மாமி" என்று சொல்ல அவனுக்குப் பழக்கினால் பிழைத்துக்கொள்வான்.

எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் எல்லாவற்றிலும் ஆழமான சிக்கல். சுவிஸ் வீட்டில் மூத்தவர் ஒருநாள் கை நீட்டி, "நான் ஊர்சுலா" என்பார். 'நீங்கள்' என்ற மரியாதைச் சொல்லை விட்டு 'நீ' என்று பேசலாம், பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்பது அதன் பொருள். அது ஒரு கௌரவம். அதன்பிறகும் 'நீங்கள்' என்று சொன்னால், கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தது போல அவர்களுக்குக் குத்தும். தமிழ் மருமகளுக்கோ மாமியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு எழாது. அவள் ஒரு தந்திரம் செய்வாள்: எந்தப் பெயரும் சொல்லாமல், பக்கத்தில் போய் நின்று, கண்ணைப் பார்த்ததும் கதையைத் தொடங்குவாள். இப்படியே வருடங்கள் போகும். மாமியார் அதைக் குளிர்ந்த மனம் என்று எடுத்துக்கொள்வார்.

இதற்கு வழி எளிது, ஆனால் வாய்விட்டுச் சொல்லவேண்டும். "எங்கள் மொழியில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது திட்டு மாதிரி இருக்கும். 'மாமி' என்று கூப்பிடலாமா?" என்று கேளுங்கள். ஒப்புக்கொள்ளாதவர் குறைவு, பலருக்கு அது பெருமைகூட. மறுபக்கத்தில் மருமகனுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கவேண்டியது '-ங்கோ'. வாங்கோ, இருங்கோ, சாப்பிடுங்கோ. அவன் தமிழைக் காதலி தன் தம்பியோடு கதைப்பதைக் கேட்டு எடுத்திருந்தால், பெரியப்பாவைப் பார்த்து "வாடா" என்பான். சபை சிரிக்கும், பெரியப்பா சிரிக்கமாட்டார்.

எழுத்து

யாழ்ப்பாணத்துச் சனம் பதிவுத் திருமணத்தை 'எழுத்து' என்று சொல்லும். எழுத்து முடிந்து சில மாதம் கழித்துத் தாலி கட்டுவதும் உண்டு. அந்த ஒழுங்கு சுவிஸ் சட்டத்தோடு நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் இங்கே குடிசார் திருமணத்துக்கு முன் சமயத் திருமணம் செய்யக்கூடாது என்று குடியியல் சட்டத்தின் 97ஆவது பிரிவு சொல்கிறது. கோயில்களும் தேவாலயங்களும் பதிவுச் சான்றைக் கேட்பது அதனால்தான்.

இருவரில் ஒருவர் வசிக்கும் இடத்துக் குடிசார் பதிவு அலுவலகத்தில் ஆயத்த நடைமுறையைத் தொடங்கவேண்டும். இரண்டு பேரும் சுவிஸில் பிறந்து பதிவேட்டில் இருந்தால் வேலை விரைவாக முடியும். ஒருவர் இலங்கையில் பிறந்தவர் என்றால் பிறப்புச் சான்று, திருமணமாகாதவர் என்ற சான்று, அவற்றின் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பு எல்லாம் வேண்டும். அலுவலகம் அவற்றை கொழும்பிலுள்ள சுவிஸ் தூதரகத்துக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லலாம். செலவு உங்களுடையது, மாதங்கள் போகும். மண்டபத்துக்கு முற்பணம் கட்டிவிட்டு இதைத் தொடங்குபவர்கள்தான் அதிகம். தலைகீழாகச் செய்யுங்கள்.

இந்த இடத்தில் சிக்குவது எழுத்துப்பிழை. பிறப்புச் சான்றில் ஒரு விதமாகவும், கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும், 1990இல் புகலிட விண்ணப்பத்தில் அதிகாரி காதால் கேட்டு எழுதியது இன்னொரு விதமாகவும் பெயர் இருக்கும். மூன்றையும் மேசையில் ஒன்றாக வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தபின் விண்ணப்பியுங்கள். போரில் சான்று அழிந்து, எல்லா முயற்சியும் செய்தும் கிடைக்காது என்றால், சர்ச்சையில்லாத விவரங்களை அதிகாரி முன் உறுதிமொழியாகச் சொல்லக் குடியியல் சட்டத்தின் 41ஆவது பிரிவு இடம் தருகிறது. தானாக யாரும் சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் கேட்கவேண்டும். புகலிடம் ஏற்கப்பட்டவர்கள் சான்றுக்காக இலங்கைத் தூதரகத்துக்கு ஓடக்கூடாது, அகதி நிலைக்கே அது கேள்வியைக் கொண்டுவரலாம்.

நடைமுறை முடிந்தது என்ற அறிவிப்பு வந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தை முடிக்கவேண்டும். முன்பு இடையில் பத்து நாள் காத்திருக்கவேண்டியிருந்தது, 2020 ஜனவரியிலிருந்து அது இல்லை. இரண்டு வயதுவந்த சாட்சிகள் போதும்.

சுவிஸ் குடும்பத்துக்கு அன்றிலிருந்து அவர்கள் கணவன் மனைவி. தமிழ்க் குடும்பத்துக்கு இன்னும் இல்லை. தாலி ஏறும்வரை பெண் தாய்வீட்டில்தான் என்று அம்மம்மா சொல்வதைக் கேட்டு மாப்பிள்ளையின் தாய்தகப்பன் குழம்பிப்போவார்கள். பின்னாளில் கலியாண நாள் வாழ்த்துகூட இரண்டு திகதியில் வரும். எழுத்தன்று சுவிஸ் வீட்டார் பூங்கொத்தும் மாலைச் சிற்றுண்டியும் ஏற்பாடு செய்திருப்பார்கள். 'வெறும் கையெழுத்துத்தானே' என்று தகப்பன் வேலைக்குப் போய்விட்டால் அது பெரிய அவமரியாதை. வேட்டி வேண்டாம், கோட்டு போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

ஒரு வார்த்தை வற்புறுத்தல் பற்றியும். விருப்பமில்லாத கலியாணத்தைச் செல்லாததாக்கும் சட்டம் 2013 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, 18 வயதுக்குக் குறைந்தவர் இங்கே மணம் முடிக்கவே முடியாது. 'ஊருக்கு விடுமுறை' என்று கூட்டிப்போய்ப் பேசிமுடிப்பார்கள் என்ற பயம் இருந்தால், பறக்குமுன் பதிவு அலுவலகத்திலோ ஆலோசனை நிலையத்திலோ சொல்லிவைப்பது பறந்தபின் சொல்வதைவிடப் பலமடங்கு எளிது.

யாருடைய கோயில்

கத்தோலிக்கரும் திருமுழுக்குப் பெறாத சைவரும் தேவாலயத்தில் மணம் முடிக்க ஆயரிடமிருந்து விதிவிலக்கு வேண்டும். திருச்சபைச் சட்டத்தின் 1086ஆவது பிரிவு இது. இல்லாவிட்டால் திருமணம் திருச்சபை முன் செல்லாது. பங்குத்தந்தையோடு இருந்து ஒரு படிவம் நிரப்பவேண்டும், ஆறு மாதத்துக்குள் எடுத்த திருமுழுக்குச் சான்றும் வேண்டும். பலர் தவறாக விளங்கிக்கொள்வது வாக்குறுதியைத்தான். பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கத் தன்னால் இயன்றதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுப்பவர் கத்தோலிக்கர் மட்டும். சைவர் கொடுக்கவேண்டியது ஒன்றுமில்லை. இப்படி ஒரு வாக்கு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தால் போதும். அந்த அறையிலேயே அவர் கேள்வி கேட்பது நல்லது. முதல் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் 31ஆம் நாளில் கேட்டால் வீடு இரண்டாகும்.

காலையில் தேவாலயம், மாலையில் ஐயர் என்று ஒரேநாளில் இரண்டையும் வைப்பது வீடியோவில் அழகாக இருக்கும். நடைமுறையில் மோசமான யோசனை. திருச்சபை ஒரே திருமணத்துக்கு இரண்டாவது சமயச் சடங்கில் மறுபடி சம்மதம் கேட்பதை அனுமதிப்பதில்லை. ஒன்றைத் திருமணமாகவும் மற்றதை ஆசியாகவும் வைப்பது ஒரு வழி. திருச்சபை முறையிலிருந்தே விலக்கு வாங்கி, தாலி கட்டும் சடங்கை மட்டும் வைப்பது இன்னொரு வழி. எதுவானாலும் பங்குத்தந்தையிடம் மறைக்காதீர்கள், கோயில் அழைப்பிதழ் எப்படியும் அவர் கைக்கு வரும். தாலியைத் தேவாலயத்தில் கட்டுவதும் புதிதல்ல: சிலுவையோ புறாவோ பொறித்த தாலி தமிழ்க் கத்தோலிக்கரிடம் பழைய வழக்கம்.

சைவப் பக்கத்தில் விதிவிலக்குக் கடிதம் ஒன்றும் கிடையாது, அதனால் எல்லாம் எளிது என்று நினைக்கவேண்டாம். எல்லாம் குருக்களைப் பொறுத்தது. சிலர் வெள்ளைக்கார மாப்பிள்ளை என்றதும் தயங்குவார்கள், சிலர் ஒரு நிமிடமும் யோசிக்கமாட்டார்கள். பேர்ண் ஐரோப்பாபிளாட்சில் 2014 டிசம்பரில் திறந்த 'சமயங்களின் இல்லத்தில்' ஒரே கூரையின் கீழ் பள்ளிவாசலும் பௌத்த விகாரையும் தேவாலயமும் துருக்கியிலிருந்து வந்த அலெவிச் சமயத்தவரின் கூடமும் இருக்கின்றன. அங்குள்ள சைவநெறிக்கூடத்தில் வழிபாடு தமிழில் நடக்கிறது. பக்கத்தில் இருந்து ஒருவர் வரிக்கு வரி மொழிபெயர்க்கவேண்டிய கலியாணத்துக்கு அது பெரிய வசதி. சமஸ்கிருதத்தில் சொன்னால் இரண்டு குடும்பமும் சமமாக விளங்காமல் இருக்கும் என்பதும் ஒருவகைச் சமத்துவம்தான்.

சங்கற்பத்தில் குருக்கள் இரண்டு பக்கத்திலும் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார். தகப்பன், பேரன் (தகப்பனின் தகப்பன்), பூட்டன் (பேரனின் தகப்பன்). வெள்ளைக்கார வீட்டில் பூட்டன் பெயரைத் தேட ஒருவாரம் ஆகலாம், முன்கூட்டியே கேட்டு, தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதிக் குருக்களின் தட்டில் வையுங்கள். கோத்திரம் தெரியாதவர்களுக்குச் சிவகோத்திரம் என்று சொல்லிவிடுவார். எமன்டால் பள்ளத்தாக்கில் மாடு வளர்த்த ஒரு கிழவரின் பெயர் சிவகோத்திரத்தோடு சேர்ந்து ஒலிபெருக்கியில் வரும்போது அந்த வீட்டுச் சனம் நிமிர்ந்து உட்காரும். அன்று வரை வெறும் பார்வையாளராக இருந்தவர்கள் அந்த ஒரு நொடியில் உள்ளே வந்துவிடுவார்கள்.

"உங்களுக்கு எத்தனை கடவுள்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். இங்கே வளர்ந்த பிள்ளைகள் தடுமாறுவது இதில்தான். வீட்டில் விளக்கேற்றவும் திருநீறு பூசவும் பழக்கினார்கள், என்ன நம்புகிறோம் என்று யாரும் வாயால் சொன்னதில்லை. பதி, பசு, பாசம் என்ற மூன்று சொல்லை டொச்சில் விளக்கத் தெரிந்தால் போதும்: ஒரு இறைவன், எண்ணற்ற உயிர்கள், உயிரைக் கட்டியிருக்கும் தளை. முருகனும் பிள்ளையாரும் எங்கே வருகிறார்கள் என்ற அடுத்த கேள்விக்கு, அதே இறைவனின் வடிவங்கள், கோயிலுக்குக் கோயில் வேறு முகம் என்று சொல்லலாம். அதைச் சொல்லப் பழகும்போது பல பிள்ளைகள் முதன்முறையாகத் தங்கள் சமயத்தைப் படிக்கிறார்கள்.

இரண்டு வீடும் சேர்ந்து போக ஓர் இடம் வேண்டும் என்றால் கோயிலில் தொடங்காதீர்கள், மரியாஸ்டைனுக்குப் போங்கள். பாசலுக்குப் பக்கத்தில், படியிறங்கிப் போகிற குகைக்குள் மாதா. மன்னார் மடுமாதா கோயிலுக்குப் போய்ப் பழகி வளர்ந்த சைவத் தாய்மாருக்கு அங்கே மெழுகுதிரி ஏற்றுவதில் எந்த நெருடலும் இல்லை. ஐன்சீடெல்னில் ஆடை மாற்றி அலங்கரிக்கப்படும் கறுத்த மாதாவைப் பார்த்ததும் "அம்மன்தானே" என்பார்கள். அதைக் கேட்டு வெள்ளைக்காரச் சம்பந்தி சிரித்தால் அந்தக் கலியாணத்துக்கு நல்ல சகுனம்.

நேரமும் நெருப்பும்

யாழ்ப்பாணத்திலிருந்து வாங்கிய பஞ்சாங்கத்தைப் பார்த்து இங்கே நேரம் குறிப்பதில் இரண்டு வகைக் கணக்கு உண்டு, இரண்டையும் குழப்புகிறார்கள். திதி, நட்சத்திரம் முடிவது உலகம் முழுவதற்கும் ஒரே கணம். ஆகவே இலங்கை நேரத்திலிருந்து கோடையில் மூன்றரை மணியும் குளிர்காலத்தில் நாலரை மணியும் கழித்தால் போதும். அங்கே பிற்பகல் 2:10 என்றால் ஜூன் மாதத்துப் பேர்ணில் காலை 10:40. இராகுகாலமும் லக்கினமும் அப்படி இல்லை, அவை உள்ளூர்ச் சூரியனைப் பொறுத்தவை.

சனிக்கிழமை இராகுகாலம் 'ஒன்பது முதல் பத்தரை' என்று எல்லோருக்கும் மனப்பாடம். அது ஆறுக்கு உதித்து ஆறுக்கு மறையும் ஊரின் கணக்கு. உண்மையில் பகலை எட்டாகப் பிரித்தால் சனிக்கிழமைக்கு மூன்றாவது பங்கு. ஜூன் 21ஐ ஒட்டிப் பேர்ணில் சூரியன் காலை 5:35 அளவில் உதித்து இரவு 9:30 அளவில் மறையும், ஒரு பங்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம், இராகுகாலம் 9:34 முதல் 11:33 வரை. டிசம்பர் 21ஐ ஒட்டி ஒரு பங்கு 64 நிமிடம்தான், 10:18 முதல் 11:22 வரை. மனப்பாடக் கணக்கில் ஜூன் சனிக்கிழமை 10:45க்கு முகூர்த்தம் வைப்பவர் இராகுகாலத்தின் நடுவில் தாலி கட்டுகிறார்.

சாதகத்திலும் இதே கவனம் வேண்டும். இலங்கையில் 1996 மே மாதக் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள், அக்டோபரில் அரை மணி பின்னே, 2006 ஏப்ரலில் மறுபடி பழைய நேரம். அந்தப் பத்தாண்டில் பிறந்தவர்களின் நேரத்தைத் திருத்தாமல் கணித்தால் லக்கினமே மாறலாம். சுவிஸில் 1981இலிருந்து கோடைநேரம் உண்டு, இங்கே பிறந்த பிள்ளைக்கு அதைக் கழிக்கவேண்டும்.

பள்ளி விடுமுறையில் மண்டபங்கள் வெறுமையாகக் கிடக்கும், ஆனால் அது பெரும்பாலும் ஆடி மாதம். மண்டபம் கிடைக்கும் காலத்தில் முகூர்த்தம் கிடைக்காது. ஆவணிச் சனிக்கிழமைகளுக்கு ஒன்றரை வருடம் முன்னரே போட்டி.

மண்டப ஒப்பந்தத்தில் 'திறந்த நெருப்பு' என்ற வரியைத் தேடி வாசியுங்கள். புகை உணரிகள் பல இடங்களில் தீயணைப்புப் படையோடு நேரடியாக இணைந்திருக்கும், ஓமப்புகைக்கு வண்டி வந்தால் கட்டணச் சீட்டு உங்களுக்கு. மண்டபப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கேட்டு, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை உணரியை நிறுத்தலாம் என்று உறுதி வாங்கவேண்டும். ஓமகுண்டத்தை நேரே தரையில் வைக்காமல், தட்டில் மணல் பரப்பி, செங்கல் அடுக்கி அதன்மேல் வையுங்கள். புகைக்குக் காரணம் பெரும்பாலும் ஈரவிறகு. கடையில் விற்கும் உலர்ந்த பீச் விறகை விரல் மொத்தத்துக்குப் பிளந்து, நெய்யை அளவோடு விட்டால் புகை பாதியாகும். தீயணைப்புப் போர்வை ஒன்று தோழனின் கதிரைக்குக் கீழே இருக்கட்டும்.

சுவிஸ் விருந்தாளிகளுக்கு டொச்சில் ஒரே ஒரு பக்கம் அச்சடித்துக் கதிரையில் வையுங்கள். பொன்னுருக்கல், கூறை கொடுத்தல் என்ற விளக்கத்தைவிட அவர்களுக்குத் தேவை வேறு. சடங்கு நடக்கும்போதே சனம் எழுந்து சாப்பிடப் போகும், அது அவமரியாதை அல்ல. கெட்டிமேளம் உச்சத்துக்குப் போனதும் அறுகரிசி போடவேண்டும். படப்பிடிப்புக்காரர் மறைப்பார்கள், மணவறைக்கு வலப்பக்கம் முன்வரிசை உங்களுக்கு ஒதுக்கியது. அழைப்பிதழில் போட்ட நேரத்துக்குக் கால்மணி முன்னால் வந்து நிற்பவர்கள் அவர்கள் மட்டும்தான், அவர்களுக்குக் கோப்பி கொடுக்க ஒரு மச்சானை நிறுத்துங்கள்.

பவுணும் காணியும்

தாலிக்கொடி ஒற்றைப்படையில் 9, 11, 13 பவுண் என்று செய்வார்கள். ஒரு பவுண் 8 கிராம், 11 பவுண் 88 கிராம். அதை யாழ்ப்பாணத்தில் செய்வித்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு சூரிச் விமானநிலையத்தின் 'அறிவிக்க ஒன்றுமில்லை' என்ற பச்சைவழியால் நடப்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 2025 ஜனவரியிலிருந்து ஓர் ஆளுக்கு வரியின்றிக் கொண்டுவரக்கூடியது 150 பிராங்க் பெறுமதிவரை. அதற்கு மேல் 8.1 சதவீதப் பெறுமதிசேர் வரி. பற்றுச்சீட்டோடு அறிவித்துக் கட்டிவிடுங்கள். இங்கிருந்து நகை போட்டுக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் படமும் பழைய பற்றுச்சீட்டும் கைபேசியில் வைத்திருக்கவேண்டும், திரும்பும்போது 'இது புதிது' என்றால் காட்டுவதற்கு.

ஒப்பந்தம் ஒன்றும் எழுதாவிட்டால், கலியாணத்துக்குப் பின் உழைத்ததைப் பிரிவின்போது பாதி பாதியாகப் பார்ப்பதுதான் சுவிஸ் சட்டத்தின் இயல்பு ஏற்பாடு. கொண்டுவந்தது, அன்பளிப்பு, முதுசம் (பரம்பரைச் சொத்து) மூன்றும் அவரவர் சொந்தம். சிக்கல் நிரூபிப்பதில்: யாருடையது என்று காட்டமுடியாதது இருவருக்கும் பொது என்று கொள்ளப்படும். கலியாணத்தன்று மாமா போட்ட சங்கிலி பெண்ணுக்கா, இருவருக்கும் பொதுவாகவா? மொய்ப்பணம் எந்தக் கணக்குக்குப் போனது? நகைப் பட்டியல் ஒன்று எடை, படத்தோடு எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சம்பந்திகளுக்கு அது கசக்கும். ஊரில் சீதன உறுதி எழுதியபோது யாருக்கும் கசக்கவில்லை என்று நினைவூட்டலாம்.

ஊரில் காணி இருந்தால் யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சொத்துச் சட்டமான தேசவழமையும் வரும். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, தேசவழமைக்கு உட்பட்ட பெண் உட்படாதவரை மணந்தால், அந்த மணம் நீடிக்கும்வரை அவளை அது கட்டுப்படுத்தாது. உட்படாத பெண் யாழ்ப்பாணத்து ஆணை மணந்தால், அவள் உட்படுவாள். ஆக, பேர்ணில் பிறந்த வெள்ளைக்காரப் பெண் யாழ்ப்பாணத்துப் பெடியனைக் கட்டினால், மாமி எழுதிக்கொடுக்கும் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் கேட்கும் நிலைமை வரலாம். கையெழுத்துக்கு முன் யாழ்ப்பாணத்து நொத்தாரிசு ஒருவரிடம் காட்டுங்கள்.

பிள்ளை பிறந்தால்

31ஆம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் வைக்கலாம் என்றால் சுவிஸ் பொறுக்காது. பிறப்பை மூன்று நாளுக்குள் அறிவிக்கவேண்டும், மருத்துவமனை படிவத்தோடு கட்டிலடியில் வந்து நிற்கும். நட்சத்திர எழுத்துப் பார்த்துத்தான் பெயர் என்றால், வரக்கூடிய நாலைந்து நட்சத்திரத்துக்கும் பெயர்ப்பட்டியலைப் பிரசவத்துக்கு முன்பே எழுதிவையுங்கள். சுவிஸ் பாட்டியின் வாயில் நுழைகிறதா என்று ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். 'ழ' உள்ள பெயரை வைத்தால் பள்ளி முழுக்க அது வேறொரு பெயராகிவிடும் என்பதை ஒப்புக்கொண்டு வையுங்கள்.

குடும்பப்பெயர் இன்னும் சிக்கல். தகப்பன் பெயரை முன்னால் போடும் எங்கள் வழக்கத்தில் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். இங்கே உறைந்துபோகும். கந்தையாவின் மகன் சிவகுமார் வந்து பதிந்தபோது 'கந்தையா' குடும்பப்பெயரானது. அவர் மகளும் கந்தையா, அவள் பிள்ளையும் கந்தையாவாகலாம். ஊரில் இது நடக்கவே நடக்காது. கலியாணத்தில் அவரவர் பெயரை வைத்துக்கொண்டால், பிள்ளைகளுக்கு யாருடைய பெயர் என்றும் அப்போதே பதிவாளர் கேட்பார். அந்த மேசையில் முதன்முறையாக யோசிக்கத் தொடங்காதீர்கள்.

பிள்ளையின் சமயத்தைப் பெற்றோர் தீர்மானிக்கலாம், ஆனால் 16 வயது முடிந்ததும் பிள்ளையே தன் சமயத்தைத் தீர்மானிக்கும் என்று குடியியல் சட்டத்தின் 303ஆவது பிரிவு சொல்கிறது. அதே வயதையொட்டித்தான் சீர்திருத்தத் திருச்சபைப் பிள்ளைகளுக்கு உறுதிப்படுத்தல் சடங்கு. அதற்குச் சற்று முன்னால் பெண்பிள்ளைக்குச் சாமத்தியவீடு. வெள்ளைக்காரத் தகப்பனுக்கு இது அதிர்ச்சி: மகளின் முதல் மாதவிலக்கை மண்டபம் எடுத்து நானூறு பேருக்கு அறிவிப்பதா? பிள்ளையிடம் கேளுங்கள், அவள் பதில் உண்மையான பதிலாக இருக்கும்படி தனியாகக் கேளுங்கள். பால் அறுகு வைத்து மாமிமார் நீராட்டுவதை வீட்டுக்குள் பத்துப் பேரோடு செய்யலாம். அம்மம்மாவோடு கழிந்த அந்த ஒரு காலைநேரம் பிடித்த பிள்ளைகள் உண்டு. மண்டபமும் பல்லக்கும் பெரும்பாலும் மொய்க்கணக்கு, தாய்தகப்பன் பிறருக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுக்கிற கணக்கு. பிள்ளை மறுத்தால் அந்தக் கணக்கை இழக்கத்தான் வேண்டும்.

மொழிக்கு ஒரு வரி: தமிழ் தெரிந்த பெற்றோர் பிள்ளையோடு தமிழிலேயே கதைக்கவேண்டும், மற்றவர் தன் சுவிஸ் டொச்சில். 'இருவருக்கும் விளங்கட்டும்' என்று தமிழை நிறுத்திய வீட்டில் புதன்கிழமைத் தமிழ்ப் பள்ளி எதையும் மீட்டுத்தராது.

கடைசியாக, கலியாணப் பேச்சில் யாரும் எடுக்காத ஒன்று. ஒருவர் போனால் புதைப்பதா, எரிப்பதா? பெரும்பாலான சுவிஸ் குடும்பங்களில் இப்போது எரிப்பதில் தடையில்லை, அதனால் சண்டை அங்கே வராது, நாளில் வரும். தமிழ் வீடு கிரியை முடியும்வரை உறவைக் கூட்டி வைத்திருக்கும், சுவிஸ் வீடு ஒரு மணி நேர வழிபாட்டோடு கலையும். 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு மறுபடி எல்லோரும் வரவேண்டும் என்று சுவிஸ் மைத்துனனுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அயல்நாடான ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களைப்போல் அல்லாமல் இங்கே சாம்பலைக் குடும்பத்திடமே கொடுப்பார்கள், கரைக்க யாழ்ப்பாணத்துக் கீரிமலைக்குக் கொண்டுபோகலாம், பாதியை ஊர்ச் சவக்காலையிலும் வைக்கலாம். லுட்சேர்னில் ரொய்ஸ் ஆற்றங்கரையில் இந்துக்கள் அஸ்தி கரைக்க ஓர் இடம் ஏற்பாடாகியிருக்கிறது. மாலையிலிருந்து நூலையும் கம்பியையும் உருவி எடுத்துவிட்டு, உதிரிப்பூவை மட்டும் ஆற்றில் விடுங்கள்.